பன்றியின் தாடையில் ஊரின் நோய்

அறுத்துத் தொங்கவிட்ட பன்றியில் இறைச்சி ஆய்வாளர் தேடிப்போய்க் கத்தி வைக்கும் இடங்களில் முக்கியமானது தாடைக்கு அடியில் இருக்கிறது. அங்கே இருபுறமும் கொழுப்புக்குள் புதைந்து கிடக்கும் நிணநீர்க் கணுக்களைத் துழாவி எடுத்துப் பிளந்து பார்ப்பார். நமக்குக் காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அதே வகைக் கணுதான். நலமாக இருந்த பன்றியில் அது ஈரப்பசையோடு ஒரே சீரான வெளிர்நிறத்தில் இருக்கும். காசநோய்க் கிருமி புகுந்த பன்றியில் கணு வீங்கியிருக்கும். உள்ளே திரிந்த பாலைப் பிழிந்து எடுத்த கட்டிபோல மஞ்சள் கலந்த வெள்ளைப் பொருள் அடைந்திருக்கும். நாள்பட்ட நோயென்றால் அதில் சுண்ணாம்பு ஏறி, கத்தி படும்போது நறநறக்கும்.

கணு ஏன் தாடையில் வீங்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மனிதருக்குக் காசநோய் பெரும்பாலும் மூச்சு வழியாக வருகிறது. ஒரே கொட்டிலில் அடைபட்ட மாடுகளுக்கும் அப்படித்தான். அதனால் நுரையீரலும் அதையொட்டிய கணுக்களும் முதலில் பாதிக்கப்படுகின்றன. பன்றிக்கு நோய் பெரும்பாலும் வாய் வழியாக வருகிறது. தின்றதில் கிருமி இருந்தால் தொண்டை வழியே நுழைந்து, தாடைக் கணுவில் தங்குகிறது. அதையும் தாண்டினால் குடலைச் சுற்றிய கணுக்களில் தங்குகிறது. ஈரலிலும் சுவரொட்டியிலும் நுரையீரலிலும் கட்டிகள் தெரிந்தால் நோய் உடம்பெங்கும் பரவிவிட்டது என்று பொருள்.

ஆக, அந்தப் பன்றி எதைத் தின்றது, யாருடைய மிச்சத்தைத் தின்றது, எந்த மண்ணைக் கிளறியது என்பதற்கான சான்று அதன் தாடையில் இருக்கிறது. இந்தச் சான்றைப் படித்த நாடுகள் தங்கள் பாலையும் மாட்டையும் பிள்ளைகளையும் காத்துக்கொண்டன. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வாழும் நம் நாட்டில், வெட்டப்படும் பன்றிகளில் பெரும்பாலானவற்றின் தாடைக் கணுவை மருத்துவக் கண்ணோடு பார்க்க ஆளில்லை. இது பன்றிக்கறி சாப்பிடுகிறவர்களின் கவலை மட்டும் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பால் குடிக்கிற எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

மூன்று கிருமிக்கும் ஒரே உடம்பு

காசநோய்க் கிருமிக் குடும்பத்தில் பலர் உண்டு. மனிதரிடம் வாழப் பழகியது மைக்கோபாக்டீரியம் டியூபர்குலோசிஸ். மாட்டிடம் வாழப் பழகியது மைக்கோபாக்டீரியம் போவிஸ். கோழி, பறவைகளிடமும் மண்ணிலும் நீரிலும் கிடப்பது மைக்கோபாக்டீரியம் ஏவியம்; இது முதல் இரண்டுக்கும் தூரத்து உறவு. பன்றியின் உடம்பு இந்த மூன்றுக்கும் இடம் கொடுக்கிறது.

மனிதக் கிருமி பன்றியில் கிடைத்தால், நோயுற்ற மனிதரின் சளியோ எச்சிலோ பட்ட உணவை அது தின்றிருக்க வேண்டும், அல்லது அதைப் பராமரிப்பவரே இருமிக்கொண்டிருக்க வேண்டும். மாட்டுக் கிருமி கிடைத்தால், காய்ச்சாத பால், மோர், மாட்டுச் சாணம், செத்த மாட்டின் கழிவு ஆகியவற்றில் ஒன்று அதன் வாய்க்குப் போயிருக்கிறது. பறவைக் கிருமி கிடைத்தால் கோழிக் கொட்டிலையும் தரையில் பரப்பிய படுக்கையையும் பார்க்க வேண்டும். நெதர்லாந்தில் மரத்தூளும் செக் நாட்டில் கரிமண் எனப்படும் சதுப்பு மண்ணும் பன்றிகளுக்கு ஏவியம் கிருமியைக் கொடுத்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பன்றி அந்தப் படுக்கையை மூக்கால் உழுது, மென்று, விழுங்கியிருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கண்ணால் பார்த்து மட்டும் இதைக் காசநோய் என்று அடித்துச் சொல்ல முடியாது. ரோடோகாக்கஸ் ஈக்வை என்ற வேறொரு கிருமியும் பன்றியின் தாடைக் கணுவில் ஏறத்தாழ இதே கட்டியை உண்டாக்கும். கணுவை ஆய்வகத்துக்கு அனுப்பி, சாயமேற்றிப் பார்த்து, கிருமியை வளர்த்து, மரபணுச் சோதனையில் இனம் பிரித்தால்தான் உறுதி. காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்வதால் வளர்ப்புச் சோதனைக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் கறி விற்றுத் தீர்ந்திருக்கும். எனவே அன்றைய கறியைப் பற்றிய தீர்ப்பைக் கத்தி பிடித்த கைதான் சொல்ல வேண்டும். ஆய்வகம் சொல்வது அடுத்த ஆண்டுக்கான பாடம்.

டென்மார்க்கின் வெண்ணெய் எடுத்த பால்

1882 மார்ச் 24-ஆம் நாள் பெர்லினில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை அறிவித்தார். அதே ஆண்டு டென்மார்க்கின் யெட்டிங் என்ற சிற்றூரில் அந்நாட்டின் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை தொடங்கியது. இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் சில ஆண்டுகளுக்குள் பன்றியின் கழுத்தில் வந்து சந்தித்துக்கொண்டன.

நம் ஊர்ப் பால் சங்கத்தை அறிந்தவர்களுக்கு அந்த ஏற்பாடு எளிதில் புரியும். ஊரெல்லாம் கறந்த பால் ஒரே இடத்தில் சேரும். இயந்திரம் சுழன்று கொழுப்பைப் பிரிக்கும். கொழுப்பு வெண்ணெயாகி இங்கிலாந்துக்குக் கப்பலேறும். மிஞ்சிய வெண்ணெய் எடுத்த பாலை உழவர்கள் தங்கள் பங்குக்குத் திரும்ப வாங்கிப்போய்க் கன்றுக்கும் பன்றிக்கும் ஊற்றுவார்கள். பன்றி கொழுத்து, அதுவும் கப்பலேறும். அருமையான பொருளாதாரம்தான். ஆனால் நோயுற்ற மாடு ஊரில் ஒன்றிரண்டு இருந்தாலும் அவற்றின் பால் எல்லோருடைய பாலோடும் கலந்தது. தன் மாடு நலமாக இருந்தவரின் தொட்டிக்கும் பக்கத்துத் தெரு மாட்டின் கிருமி வந்து சேர்ந்தது. இயந்திரத்தின் உட்சுவரில் படிந்த கசடில் கிருமி இன்னும் செறிவாக இருந்தது. அதையும் வீணாக்காமல் பன்றிக்கே கொடுத்தார்கள்.

விளைவு இறைச்சிக்கூடத்தில் தெரிந்தது. கூட்டுறவுப் பால் பரவிய வட்டாரங்களில் பன்றிகளின் தாடையிலும் குடலிலும் கட்டிகள் மலிந்தன. டென்மார்க்கின் கால்நடை மருத்துவ மேதை பெர்ன்ஹார்ட் பாங் இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகப் பிடித்தார். மாட்டுக்கு டியூபர்குலின் ஊசி போட்டு நோயுற்றதைப் பிரிப்பது, பிறந்த கன்றைத் தாயிடமிருந்து விலக்கிக் காய்ச்சிய பால் கொடுத்து வளர்ப்பது என்று அவர் வகுத்த முறை அவர் பெயராலேயே அறியப்பட்டது. 1898-ல் டென்மார்க் சட்டம் இயற்றியது: பால் பண்ணையிலிருந்து கால்நடைத் தீவனமாகத் திரும்பும் பாலையும் மோரையும் 85 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிய பிறகே கொடுக்க வேண்டும்.

பன்றிக்கு ஊற்றும் பாலுக்காக ஒரு நாடு சட்டம் போட்டது! பன்றி மேல் வந்த பாசம் அல்ல அது. பன்றியும் கன்றும் குடித்து நோயுறும் பாலைத்தான் வீட்டுப் பிள்ளைகளும் குடிக்கிறார்கள் என்பது அவர்களுக்கு உறைத்திருந்தது. பிள்ளையின் வயிற்றை அறுத்துப் பார்க்க முடியாது. பன்றியை எப்படியும் அறுக்கத்தான் போகிறார்கள்.

பேரறிஞர் சொன்னதும் பிள்ளைகள் பட்டதும்

இந்தத் தெளிவு உலகெங்கும் உடனே வந்துவிடவில்லை. தடையாக நின்றது சாதாரண ஆள் இல்லை, ராபர்ட் காக்கேதான். 1901 ஜூலையில் லண்டனில் நடந்த காசநோய் மாநாட்டில், மாட்டுக் காசநோயும் மனிதக் காசநோயும் வெவ்வேறு என்றும், மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் ஆபத்து பொருட்படுத்தத் தக்கதல்ல என்றும் அவர் கூறினார். இரண்டும் வெவ்வேறு வகைக் கிருமிகள் என்பது சரி. அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித் 1898-லேயே அதைக் காட்டியிருந்தார். வெவ்வேறாக இருப்பதால் ஆபத்தில்லை என்ற முடிவுதான் தவறு. அந்த மாநாட்டிலேயே ஜோசப் லிஸ்டர் மறுத்தார். பிரிட்டன் உடனே ஓர் அரச ஆணையம் அமைத்தது. பத்தாண்டு உழைத்து 1911-ல் ஆணையம் தந்த இறுதி அறிக்கை தெளிவாகச் சொன்னது: மாட்டுக் கிருமி மனிதருக்கு வருகிறது; குறிப்பாகப் பிள்ளைகளுக்குப் பால் வழியே வருகிறது.

கழுத்தில் கண்டமாலையாக நெறிகட்டிய பிள்ளைகள், வயிறு உப்பிய பிள்ளைகள், முதுகெலும்பு கூனிய பிள்ளைகள் என்று அந்நாளைய ஐரோப்பிய மருத்துவமனைகள் நிரம்பியிருந்தன. அவர்களில் பலருக்கு நோய் வந்த வழி பன்றிக்கு வந்த அதே வழி. வாயில் நுழைந்து தொண்டைக் கணுவில் தங்கி, பிறகு குடலுக்குப் போனது. பிள்ளையின் கழுத்திலும் பன்றியின் தாடையிலும் ஒரே கிருமி ஒரே இடத்தில் கட்டி கட்டியது. பாலைச் சூடாக்கும் சட்டங்களுக்கு எதிராகப் பல நாடுகளில் பால் வணிகர்கள் பல்லாண்டு வாதாடியபோது காக்கின் பெயர் அவர்களுக்குத் துணையாக நின்றது. ஒரு பெரிய அறிஞரின் தவறான ஒரு முடிவுக்குப் பிள்ளைகள் கொடுத்த விலையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதைக்கிறது.

அமெரிக்காவைக் குழப்பிய எண்

அமெரிக்காவின் கதை இன்னும் சுவையானது. சிகாகோ இறைச்சிக்கூடங்களின் அவலத்தை அப்டன் சின்க்ளேரின் நாவல் அம்பலப்படுத்திய 1906-ஆம் ஆண்டிலேயே இறைச்சி ஆய்வுச் சட்டம் வந்தது. கூட்டரசின் ஆய்வாளர்கள் லட்சக்கணக்கான பன்றிகளின் கணுக்களைப் பிளந்து, கண்டதைப் பதிவேட்டில் எழுதினார்கள். அறிவியலில் மிக அலுப்பான வேலை இது. ஆனால் ஒரு நாட்டின் நோய் வரலாற்றை எழுதியது இந்தப் பதிவேடுதான்.

1917-ல் மாட்டுக் காசநோயை நாட்டிலிருந்தே விரட்டும் திட்டம் தொடங்கியது. ஊர் ஊராக, மாவட்டம் மாவட்டமாக மாடுகளுக்கு ஊசிச் சோதனை. நோயுற்றதை வெட்டிவிட்டு உழவருக்கு இழப்பீடு. உழவர்கள் எளிதில் ஒத்துக்கொள்ளவில்லை. 1931-ல் அயோவா மாநிலத்தில் சோதனைக்கு வந்த கால்நடை மருத்துவர்களை அவர்கள் தடுத்து விரட்ட, ஆளுநர் படையை அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த எதிர்ப்பை அடக்கியதில் துப்பாக்கியைவிடப் பணத்துக்குப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். காசநோய் நீங்கியதாகச் சான்று பெற்ற மாவட்டங்களிலிருந்து வரும் பன்றிக்கு இறைச்சி நிறுவனங்கள் நூறு பவுண்டு எடைக்குப் பத்து சென்ட் கூடுதல் விலை கொடுத்தன. மாட்டைச் சோதித்தால் பன்றிக்கு விலை கூடும்! இந்தக் கணக்கு புரிந்தபின் உழவர்களே தங்கள் மாவட்டத்துக்குச் சோதனை கேட்டு வந்தார்கள். 1940-க்குள் நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் மாட்டுக் காசநோய் நூற்றுக்கு அரைக்கும் கீழே இறங்கியது.

நடுவில் ஒரு புதிர் தோன்றியது. மாட்டில் நோய் குறையக் குறையப் பன்றியிலும் குறைய வேண்டும் அல்லவா? மாறாக 1924-ல், ஆய்வுக்கு உட்பட்ட பன்றிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 15-இன் கணுக்களில் கட்டி இருந்தது. அதுவரை காணாத உச்சம் அது. ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் பறவைக் கிருமி. நடுமேற்கு மாநிலங்களின் பண்ணை வீடுகளில் கோழிகளை ஆண்டுக்கணக்கில் வைத்து முட்டை எடுத்தார்கள். வயதான கோழிகளில் காசநோய் மண்டியிருந்தது. அதே முற்றத்தில் திரிந்த பன்றிகள் கோழி எச்சத்தையும் செத்த கோழியையும் தின்றன. மருந்தும் இல்லாமல் தடுப்பூசியும் இல்லாமல் இதற்குத் தீர்வு வந்தது. கோழி வளர்ப்பு முறை மாறியது. ஓராண்டுக்கு மேல் கோழியை வைக்காமல் புதுக் குஞ்சுகளைக் கொண்டுவந்தார்கள், பன்றியையும் கோழியையும் பிரித்தார்கள். பின்வந்த பல பத்தாண்டுகளில் பன்றிகளில் கட்டி காணும் விகிதம் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போயிற்று.

பன்றியின் கணுவைப் பார்த்து வேறு விலங்கின் நோயை அறியும் இதே வேலையை நியூசிலாந்து காட்டில் செய்கிறது. அங்கே மாட்டுக் காசநோயைக் காட்டில் வைத்திருப்பது போசம் என்ற சிறு விலங்கு. அடர்ந்த மலைக்காட்டில் போசத்தைத் தேடிப் பிடித்துச் சோதிப்பது பெரும்பாடு. காட்டுப்பன்றியோ செத்த போசங்களைத் தின்றுகொண்டு பரந்த நிலத்தில் திரிகிறது. எனவே வேட்டையாடப்பட்ட காட்டுப்பன்றியின் தலையை வாங்கி அதன் தாடைக் கணுவைப் பார்க்கிறார்கள். அதில் நோய் இருந்தால் அந்தக் காட்டின் போசத்திலும் உண்டு. இல்லாத நிலை தொடர்ந்தால் அந்தக் காடு தேறிவிட்டது என்று நம்பலாம்.

பயம் எங்கே இருக்க வேண்டும்?

பன்றிக்கறி சாப்பிட்டால் காசநோய் வருமா? இந்த இதழைக் கையில் எடுக்கிறவர்கள் முதலில் கேட்கப்போவது இதைத்தான். நன்றாக வேகவைத்த கறியில் காசநோய்க் கிருமி பிழைக்காது. பாலை 72 டிகிரியில் 15 நொடி வைத்தாலே சாகும் கிருமி அது. நம் வீடுகளில் பன்றிக்கறி வேகும் விதத்துக்கு அது தாங்காது. கட்டியுள்ள தலையையும் உறுப்பையும் ஆய்வாளர் கழித்துவிடுவார்; உடம்பெங்கும் பரவியிருந்தால் முழுப் பன்றியையும் அழிக்கச் சொல்வார். சமைத்த கறி வழியாக வரும் ஆபத்து மிகச் சிறியது.

உண்மையான ஆபத்தில் இருப்பவர்கள் கறி தட்டுக்கு வருமுன்பே அதைத் தொடுகிறவர்கள். கையுறை இல்லாமல் கணுவை, ஈரலை, குடலை அறுக்கும்போது கத்தி வழுக்கிக் கை கிழிந்தால் கிருமி தோலுக்குள் நேராக இறங்கும். கசாப்புத் தொழிலாளர்களின் விரலிலும் புறங்கையிலும் மருபோல் தடித்து ஆண்டுக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் தோல் காசநோயை மருத்துவ நூல்கள் நூறாண்டுக்கும் மேலாகப் பதிவு செய்திருக்கின்றன. நோயுற்ற நுரையீரலை அறுக்கும்போதும் நீரடித்துக் கழுவும்போதும் தெறிக்கும் துளிகள் மூச்சில் போகும். பன்றிக் கொட்டிலில் நாளெல்லாம் இருப்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. அவர்களிடமிருந்து பன்றிக்கும் போகும். நோய் இரு திசையிலும் நடக்கிறது.

மாட்டுக் கிருமியால் வரும் காசநோய்க்கு மருத்துவத்திலும் ஒரு சிக்கல் உண்டு. காசநோய்க்கு முதலில் தரும் நான்கு மருந்துகளில் ஒன்றான பைரசினமைடு, போவிஸ் கிருமியிடம் இயல்பாகவே பலிக்காது. நம் மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யும் சளிச் சோதனையோ விரைவு மரபணுச் சோதனையோ அது மனிதக் கிருமியா மாட்டுக் கிருமியா என்று பிரித்துச் சொல்வதில்லை. நுரையீரலுக்கு வெளியே, கணுவிலும் குடலிலும் எலும்பிலும் வந்தால் சளியில் ஒன்றும் தெரியாது. 2019-ல் உலகில் 1,40,000 பேர் மாட்டுக் கிருமியால் புதிதாகக் காசநோய்க்கு ஆளானார்கள், 11,400 பேர் இறந்தார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. மொத்தக் காசநோயில் இது சிறு பங்குதான். ஆனாலும் காய்ச்சிய பாலும் சரியான ஆய்வும் இருந்தால் இவர்களில் மிகப் பலருக்கு இந்த நோய் வந்திருக்கத் தேவையில்லை.

பறவைக் கிருமி இன்னொரு வகை. எய்ட்ஸ் நோயாளிகளையும், நுரையீரல் ஏற்கெனவே சிதைந்த முதியவர்களையும் அது தாக்கும். பன்றியிலும் மனிதரிலும் கிடைக்கும் கிருமிகள் மரபணுவில் நெருங்கியவை. பன்றி மனிதருக்குக் கொடுத்தது என்பதைவிட, இருவரும் ஒரே நீரிலிருந்தும் மண்ணிலிருந்தும் வாங்கிக்கொண்டார்கள் என்பதே பெரும்பாலும் பொருந்துகிறது. இங்கேயும் பன்றி நமக்குக் காட்டுவது நம் சுற்றுப்புறத்தைத்தான்.

நோய் என்றதும் பன்றியைக் கொல்லக் கிளம்புவது எவ்வளவு பெரிய தவறு என்பதை எகிப்து 2009-ல் காட்டியது. பன்றிக் காய்ச்சல் பீதியில் அந்த அரசு நாட்டிலிருந்த ஏறத்தாழ 3 லட்சம் பன்றிகளையும் கொல்ல ஆணையிட்டது. அந்தக் காய்ச்சல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிக்கொண்டிருந்தது. பன்றிகளுக்கு அதில் பங்கில்லை. கெய்ரோவின் குப்பையை அள்ளி, அதன் உணவுக் கழிவில் பன்றி வளர்த்துப் பிழைத்த ஏழை மக்களின் வாழ்வு ஒரே அடியில் போயிற்று. தின்னப் பன்றி இல்லாமல் நகரத் தெருக்களில் கழிவு குவிந்து நாறியது. நம் ஊரிலும் பன்றி வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட, நிலமற்ற குடும்பங்கள். அவர்கள் மேல் பழி போட இந்தக் கட்டுரையை யாரும் கையில் எடுக்கக் கூடாது.

வேலூர் சொன்ன செய்தி

2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் சுமார் 90 லட்சம் பன்றிகள் இருக்கின்றன. அசாம்தான் முதலிடம், வடகிழக்கின் பல பகுதிகளில் பன்றி அன்றாட உணவு. தமிழ்நாட்டில் எண்ணிக்கை குறைவு என்றாலும் வெண்பன்றிப் பண்ணைகள் வளர்ந்துவருகின்றன. காட்டுப்பாக்கத்தில் கால்நடை அறிவியல் பல்கலைக்கழகம் தனிப் பன்றி இனமே உருவாக்கியிருக்கிறது.

இந்தப் பன்றிகளில் காசநோய் எவ்வளவு? அந்தக் கேள்விக்குப் பதில் இறைச்சிக்கூடப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பன்றி இங்கே பெரும்பாலும் கொல்லையிலும் ஓடைக் கரையிலும் சந்தை ஓரத்திலும் வெட்டப்படுவதால், பதிவேடு என்ற ஒன்றே உருவாவதில்லை. சட்டம் இல்லாமலில்லை. 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள், அனுமதி பெற்ற கூடத்தில் மட்டுமே விலங்கை வெட்டலாம் என்கின்றன. வெட்டுமுன் ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12 விலங்குகளுக்கு மேலும் நாளொன்றுக்கு 96-க்கு மேலும் பார்க்கக் கூடாது என்று, அவசரத்தில் நோய் தப்பிவிடாதபடி கணக்கும் வைத்திருக்கின்றன. காகிதத்தில் எழுதியவர்கள் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார்கள். பன்றிக்கென்று தனிக் கூடமே இல்லாத நகரத்தில் அந்த 12-ஐ எண்ணுவதற்கு யார் இருக்கிறார்கள்?

மாட்டில் எவ்வளவு என்பதற்கு ஓரளவு விடை உண்டு. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான கட்டுரை, நூறு மாடுகளுக்கு ஏறத்தாழ ஏழில் காசநோய் இருக்கலாம் என்றும், அப்படியானால் 2 கோடிக்கும் மேற்பட்ட மாடுகள் நோயோடு இருக்கலாம் என்றும் கணித்தது. நாம் பாலைக் காய்ச்சிக் குடிக்கிற மக்கள். அந்தப் பழக்கம் எத்தனை பிள்ளைகளைக் காத்திருக்கிறது என்று சொல்லி முடியாது. பன்றிக்கு யாரும் பால் காய்ச்சி ஊற்றுவதில்லை.

இதில் தமிழகத்திலிருந்தே ஒரு முக்கியமான செய்தி வந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த 940 காசநோய்க் கிருமி மாதிரிகளை இனம் பிரித்துப் பார்த்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியானது. எல்லோரும் எதிர்பார்த்த மாட்டுக் கிருமியான போவிஸ் அதில் இல்லை. அதற்குப் பதில் ஏழு நோயாளிகளிடம் மைக்கோபாக்டீரியம் ஒரிஜிஸ் என்ற வேறொரு கிருமி இருந்தது. தெற்காசியக் கால்நடைகளில் உலவும் கிருமி அது. சென்னையில் ஒரு மாட்டிலிருந்து பிரிக்கப்பட்ட அதன் மரபணு வரிசை 2019-லேயே வெளியாகியிருந்தது. ஐரோப்பாவின் கிருமியை எதிர்பார்த்துத் தேடிக்கொண்டிருந்தால் நம் மண்ணின் கிருமி கண்ணில் படாமலே போயிருக்கும். நம் பன்றிகளின் தாடையில் எது இருக்கிறது? போவிஸா, ஒரிஜிஸா, நம்மிடமிருந்தே போன மனிதக் கிருமியா? பிளந்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, இனம் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மனிதக் கிருமி என்ற சாத்தியம் என்னை அதிகம் உறுத்துகிறது. நம் பண்ணைகளில் பன்றித் தீவனத்தின் பெரும்பகுதி ஓட்டல், விடுதி, திருமண மண்டபங்களின் மிச்சம். டிரம்மில் வரும் எச்சில் சோறும் குழம்பும் பெரும்பாலும் அப்படியே தொட்டியில் கொட்டப்படுகின்றன. சில இடங்களில் மருத்துவமனை உணவுக்கூட மிச்சமும் சேர்கிறது. காசநோய் மிகுந்த நாட்டில் எச்சிலை அப்படியே ஊட்டுவது என்றால் என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கா 1980-ல், பன்றிக்குப் போகும் உணவுக் கழிவைக் கொதிநிலையில் 30 நிமிடம் வேகவைக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. பிரிட்டன் 2001-ல் கோமாரி நோய்ப் பேரழிவுக்குப் பின் இந்தத் தீவனத்தையே தடை செய்தது. பிரிட்டனின் வழி நமக்கு ஒத்துவராது. சிறு பண்ணைக்காரரின் வயிற்றில் அடித்துவிடும், நகரக் கழிவும் தேங்கும். வேகவைக்கும் வழி ஒத்துவரும். விறகுக்கும் அண்டாவுக்கும் மானியம் கொடுத்தால் போதும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைத் தடுக்கவும் அதே அண்டா உதவும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2014 முதல் வழக்கமான பன்றி ஆய்வில் கணுவைப் பிளப்பதைக் கைவிட்டு, கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டது. ஒரே கத்தி சால்மோனெல்லா போன்ற கிருமிகளைப் பரப்புகிறது என்பது காரணம். அதைக் காட்டி இங்கும் கணுவைப் பிளக்கத் தேவையில்லை என்று வாதாடுவார்கள். நூறாண்டு பிளந்து, எண்ணி, மாட்டையும் பாலையும் சுத்தம் செய்த பிறகு அவர்கள் நிறுத்தினார்கள். நாம் இன்னும் தொடங்கவே இல்லை.

தொடங்குவதற்குப் பெரும் செலவு இல்லை. பன்றி வெட்டும் நகரங்களில் தண்ணீரும் வெளிச்சமும் வடிகாலும் உள்ள ஒரு சிறு கூடம் வேண்டும். பயிற்சி பெற்ற ஓர் ஆய்வாளர், சுடுநீரில் மாற்றி மாற்றி முக்கியெடுக்க இரண்டு கத்திகள், கட்டி கண்ட கணுவைப் போட ஒரு புட்டி, பன்றி வந்த ஊரைக் குறிக்க ஒரு பதிவேடு. காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே மருத்துவம் செய்யலாம் என்று 1950-களில் உலகுக்குக் காட்டிய ஆய்வு மையம் சென்னை சேத்துப்பட்டில் இன்றும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகிறது. கால்நடைப் பல்கலைக்கழகமும் அதே நகரில் இருக்கிறது. பன்றியின் கணுவும் மனிதரின் சளியும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கப்பட வேண்டும். கட்டி கண்ட ஊருக்குக் கால்நடைத் துறையும் மக்கள் நல்வாழ்வுத் துறையும் சேர்ந்து போய் மாட்டையும் பார்க்கட்டும், பண்ணையில் இருமுகிறவர் இருக்கிறாரா என்றும் பார்க்கட்டும். கழித்துப்போடும் பன்றிக்கு இழப்பீடு கிடைக்கும் என்ற உறுதி இருந்தால்தான் வளர்ப்பவர் கூடத்துக்கு வருவார். இல்லையேல் மறுபடி ஓடைக் கரைக்கே போவார். அயோவா அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

பன்றி வளர்ப்பவர்களுக்கும் கறி வெட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், கழுத்தில் கரையாத நெறி, கையில் ஆறாத மருபோன்ற புண் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். மருத்துவர் உங்கள் தொழிலைக் கேட்காவிட்டாலும், பன்றி வளர்க்கிறேன், கறி வெட்டுகிறேன் என்பதை நீங்களே சொல்லுங்கள். எந்தச் சோதனை செய்ய வேண்டும், எந்த மருந்து கேட்கும் என்பதை அந்த ஒரு தகவல் மாற்றக்கூடும்.